நிறைபையும் குறைபையும்

பெங்களூரில் கைக்குழந்தை இருக்கும் வீடு வெளியே கிளம்பும்போது மூன்று கட்சிகள் முளைக்கும். முதலாவது பட்டியல் கட்சி. டயபர் எட்டு, வெட் வைப்ஸ் ஒரு பாக்கெட், மாற்று உடுப்பு மூன்று, புட்டி இரண்டு, பால்பவுடர் டின், ஃபிளாஸ்க், காய்ச்சல் மருந்து, சளி மருந்து, கிரைப் வாட்டர், கிலுகிலுப்பை, ஸ்வெட்டர், குல்லா என்று அடுக்கிவிட்டு, ஜிப் மூடாமல் முழங்காலை வைத்து அமுக்கும். இரண்டாவது செல்போன் கட்சி. “பத்து நிமிஷத்துல எல்லாம் வந்துரும், சும்மா கிளம்பு” என்று சொல்லும். மூன்றாவது, பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியின் கட்சி. “உங்கப்பனை ஒரு மஞ்சப்பையோட மெட்ராஸ் வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கேன்” என்பார்.

மூன்றையும் நிறுத்துப் பார்க்க ஒரு எடைக்கல் வேண்டும். பைக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் மூன்று கேள்வி கேட்போம். இதன் தேவை வந்தால் குழந்தை காத்திருக்குமா? வழியில் இது கிடைக்குமா? கையில் இருந்தாலும், நின்ற இடத்தில் இதைப் பயன்படுத்த முடியுமா? காத்திருக்க முடியாததும் வழியில் கிடைக்காததும் பைக்குள் போகட்டும். மூன்றாவது கேள்வி வம்பு பிடித்தது. அதற்கு வரும் பதில் பையைவிட நகரத்தைப் பற்றியே அதிகம் சொல்லும்.

முதலில் நேரக் கணக்கு. டாம்டாம் நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு நெரிசல் பட்டியலில் பெங்களூருக்கு உலகில் முதலிடம். நெரிசல் அளவு 71 சதவீதம். தடையில்லாத சாலையில் 30 நிமிடத்தில் முடியும் பயணம், சராசரியாக இன்னும் 21 நிமிடத்தைத் தின்னும் என்று இதற்குப் பொருள். மாலை ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் இந்தச் சராசரியும் உதவாது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோட்டில் வெள்ளம் ஏறியபோது, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போன ஊர் இது. எனவே எத்தனை டயபர் என்ற கேள்விக்குத் தூரம் விடை சொல்லாது. திட்டமிட்ட நேரத்தோடு தாமதத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டி, மூன்றால் வகுத்து, மேலே ஒன்று சேர்த்தால் கணக்கு சரி. நான்கு மணி நேர வெளிப்பயணத்துக்கு மூன்று டயபர். எட்டு எடுப்பவர் குழந்தையின் தேவையை எண்ணவில்லை. தன் பயத்தை எண்ணியிருக்கிறார்.

இதே கணக்கு மெட்ரோ வழியில் குடியிருப்பவருக்கு இன்னும் சுருங்கும். பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை முழுதாக ஓடத் தொடங்கியது. அந்த வழியில் போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சில்க் போர்டு மேம்பாலத்துக்கடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. ஒரே நகரம், ஒரே வயதுக் குழந்தை, ஆனால் பையின் அளவு வேறு. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் என்பது இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

செல்போன் கட்சியின் வாதத்தை இந்த ஊரில் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஸ்விக்கி பிறந்த நகரம் இது. அதன் விரைவு டெலிவரிச் சேவையான இன்ஸ்டாமார்ட் 2020இல் தொடங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. கோரமங்கலாவில் நண்பர் வீட்டில் இருக்கும்போது டயபர் தீர்ந்தால், தேநீர் ஆறுவதற்குள் பாக்கெட் வாசலுக்கு வந்துவிடும். ஆகவே போய்ச் சேரும் இடம் ஒரு வீடாக இருந்தால், இருப்புக்கு என்று எதையும் சுமக்க வேண்டியதில்லை. இதுவரை அந்தக் கட்சி சொல்வது சரி.

ஆனால் டெலிவரிக்கு ஒரு முகவரி வேண்டும். மாரத்தஹள்ளிப் பாலத்தில் நகராத காருக்கு முகவரி இல்லை. லால்பாக்கின் நடுவே ஒரு மரத்தடிக்கும் இல்லை. முகவரி இருந்தாலும் இன்னொரு குறை உண்டு. பத்து நிமிடத்தில் டயபர் வரும்; அதை மாற்றச் சுத்தமான, தட்டையான ஓர் இடம் வராது. காய்ச்சி ஆறிய தண்ணீர் வராது. மலம் கசிந்து முதுகுவரை ஏறிய குழந்தை, பத்து நிமிடம் என்ன, இரண்டு நிமிடம்கூடப் பொறுக்காது. செயலியின் வல்லமை விற்பனைப் பொருள்களோடு நின்றுவிடுகிறது.

பாட்டியின் கட்சியை ஏக்கத்தின் கட்சி என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமில்லை. அந்த ஒற்றைப் பையில் இருந்தது பழைய வேட்டியைக் கிழித்த நான்கைந்து துணிகள். பலமுறை துவைத்து நைந்த பருத்தி. அதே துணி கீழே விரிப்பாகும், இடுப்பில் கோமணமாகும், பால் கக்கினால் துடைக்கும், வெயிலுக்குக் குடையாகும், பால் கொடுக்கும்போது மறைப்பாகும். இன்றைய கடை இந்த ஐந்து வேலைக்கும் ஐந்து பொருள் விற்கிறது. ஒரு பொருளுக்கு ஐந்து வேலை என்ற அந்தச் சிக்கனத்தை எந்தப் பட்டியலும் இன்னும் முந்தவில்லை.

ஆயினும் பாட்டியின் பை சிறிதாக இருந்ததற்குத் துணி மட்டும் காரணமில்லை. வழியெங்கும் வீடுகள் இருந்தன. தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் குழந்தையைக் கிடத்தலாம், வெந்நீர் கேட்கலாம், ஈரத்துணியை அலசிக் கொடியில் போடலாம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வசதி ஓரளவு இன்றும் உண்டு. வாசலில் காவலாளியிடம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு நுழைய வேண்டிய அடுக்குமாடி உலகத்தில் அது இல்லை. பாட்டி பையில் வைக்காததையெல்லாம் அவர் ஊர் வைத்திருந்தது. அந்த ஊரை எடுத்துவிட்டுப் பையை மட்டும் பின்பற்றச் சொன்னால் வாதம் நொண்டுகிறது.

இப்போது அந்த வம்பு பிடித்த மூன்றாவது கேள்வி: பயன்படுத்த இடம் எங்கே? 2022 ஜூனில் பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையத்தின் ஆண்கள் கழிவறையில் டயபர் மாற்றும் மேசை இருப்பதை ஒருவர் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். நாடு முழுதும் பாராட்டிப் பகிர்ந்தார்கள். பாராட்டு தகும். ஆனால் ஒரு மேசை செய்தியாகிறது என்றால், மற்ற இடங்களில் அது இல்லை என்றே பொருள். விமானம் ஏறுபவரின் குழந்தைக்கு மேசை உண்டு. 2023 ஜூனில் வந்த சக்தி திட்டத்தில் கட்டணமின்றி பி.எம்.டி.சி பேருந்தில் குழந்தையோடு போகும் தாய்க்கு, இறங்கும் நிறுத்தத்தில் என்ன உண்டு? நகரம் பெருமைப்படும் தர்ஷினி உணவகங்களில் நின்றுகொண்டே சாப்பிடும் மேசைதான். குழந்தையைக் கிடத்த அங்கே பெஞ்சு கிடையாது.

பாலூட்டும் இடமும் இதே கதைதான். இதில் தமிழ்நாடு ஒரு முன்னோட்டம் காட்டியது. 2015 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு முந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. எல்லா அறையும் எல்லா நாளும் சுத்தமாகவும் பூட்டாமலும் இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இடம் கொடுப்பது அரசின் வேலை என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது. 2025 பிப்ரவரியில் நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வும் இதையே பேசியது: இருக்கும் பொதுக் கட்டடங்களில் இயன்றவரை, இனிக் கட்டுபவற்றில் முன்கூட்டியே, பாலூட்டவும் குழந்தையைப் பராமரிக்கவும் இடம் ஒதுக்க மாநிலங்கள் ஆவன செய்ய வேண்டும் என்றது. அந்த இடம் வரும்வரை அதன் வேலையைச் செய்வது ஒரு ரப்பர் ஷீட்டும் இரண்டு வேட்டித் துணியும். பையின் மிக முக்கியமான பொருள் டயபர் அல்ல, இந்த விரிப்பு. காரின் பின்சீட்டு, கப்பன் பார்க்கின் கல்பெஞ்சு, கோயில் மண்டபத்தின் ஓரம் என்று எந்த இடத்தையும் ஐந்து நிமிடத்துக்குச் சுத்தமான இடமாக அது மாற்றும். விந்தை என்னவென்றால், எட்டு டயபர் அடுக்கும் பட்டியல் கட்சி பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடும்.

உணவுப் பகுதிக்கு வருவோம். பட்டியல்களின் பெரிய பிழை, எல்லா வயதுக்கும் ஒரே உணவுப் பகுதியை எழுதுவது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர்கூடத் தேவையில்லை; அதன் பையில் உணவு அறை காலியாகவே இருக்கலாம். “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒரு பால்பவுடர் டின்னும் புட்டியும் உள்ளே போவதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான பால்மாற்றுப் பொருள், பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்கிறது. விளம்பரமாக வர முடியாதது, ‘பையில் அவசியம் இருக்க வேண்டியவை’ என்ற பட்டியலின் ஒரு வரியாக வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

பால்பவுடர் உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு விதி கண்டிப்பானது. பவுடர் கிருமியற்றதல்ல என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலந்து, ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் கலந்து இளஞ்சூட்டோடு புட்டியில் எடுத்துப் போவது, கிருமி வளர வெதுவெதுப்பான இடம் கொடுப்பதாகும். அளந்த பவுடர் தனி டப்பாவில், கொதித்த நீர் நல்ல ஃபிளாஸ்க்கில் என்று பிரித்துக் கொண்டுபோவதே சரி. பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 டிகிரியில் நான்கு மணி நேரம் தாங்கும். டிசம்பர் மாதப் பெங்களூருக்கு இது பொருந்தும். ஏப்ரல் மதியத்துக்குப் பொருந்தாது. அப்போது ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பை வேண்டும். புட்டிக்கு மாற்றாகப் பாலாடையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றும் அதில்தான் ஊட்டுகிறார்கள். கழுவ எளிது, காம்பு இடுக்கில் அழுக்குச் சேராது. ஆனால் குலுங்கும் பேருந்தில் பாதிப் பால் சட்டையில்தான் விழும். உட்கார்ந்த இடத்தில் அது வெல்லும், ஓடும் வண்டியில் தோற்கும்.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இந்த நகரம் தாராளமானது. தெருவுக்குத் தெரு ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும். தள்ளுவண்டியில் ஏலக்கி வாழைப்பழம் தன் தோலையே உறையாகப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். சட்னி, சாம்பார் தொடாமல் இட்லியின் நடுப்பகுதியை மசித்தால் போதும். கண்ணாடிப் புட்டியில் அடைத்த பழக்கூழ் பையில் கனப்பதற்கு இங்கே நியாயமில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து வரட்டும். தேன் தொட்டு வைக்கும் வழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும், ஒரு வயதுக்குமுன் வேண்டாம்; அதிலுள்ள பொட்டுலிசக் கிருமி கைக்குழந்தைக்கு ஆபத்தானது.

மருந்துகள்தாம் பையில் மிக எளிதாக நுழைந்து, மிகக் குறைவாக உதவுபவை. சளி மருந்து, இருமல் மருந்து இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்தபோது, அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையில் தயாரானது என்பது நமக்கு அருகிலிருந்து வந்த எச்சரிக்கை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவ்வகை மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. பாராசிட்டமால் நல்ல மருந்து. ஆனால் சொட்டு மருந்தின் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பின் ஐந்து மில்லியில் 125 அல்லது 250 என்று அடர்த்தி மாறும். வீட்டில் சிரப்புக்குப் பழகிய கை, வெளியே அவசரத்தில் வாங்கிய சொட்டு மருந்தை அதே அளவில் ஊற்றினால் பலமடங்காகிவிடும். புட்டியை எந்த மருந்துக் கடையிலும் வாங்கலாம். குழந்தையின் எடைக்கு எந்த மருந்து எத்தனை மில்லி என்று மருத்துவர் எழுதிய துண்டுச் சீட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பையில் இருக்க வேண்டியது சீட்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பையைத் திறக்க வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

குல்லா, ஸ்வெட்டர் விஷயத்தில் பட்டியல் கட்சிக்குப் பாதி வெற்றி. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கும் ஊரில் மாலை ஆறு மணிக்கு மேல் காற்று மாறும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று தன் எடைக்கு ஏற்ற வேலை செய்யும். மூன்று செட் உடுப்புக்குப் பதில், முழுக்கையும் முழுக்காலும் மூடும் பருத்தி உடுப்பு ஒன்று போதும். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. சின்னஞ்சிறு தோலில் கொசு விரட்டி பூசுவதைவிடத் தோலை மூடுவது நல்லது. பட்டியல்கள் மறக்கும் இன்னொன்று, தூக்குபவருக்கு ஒரு டீ ஷர்ட். குழந்தை கக்கினாலும் கசிந்தாலும் பாதி நனைவது தூக்கியிருப்பவர்தானே.

வெட் வைப்ஸை ஒரேயடியாக விலக்க முடியாது, ஏனெனில் நகராத காரில் குழாய் இல்லை. ஆனால் வாசனை சேர்க்காததாகப் பத்துப் பதினைந்து தாள் போதும். தண்ணீர் கிடைக்கும் இடத்தில் ஈரத்துணியே மேல். பெரும்பாலான வைப்ஸில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கிருந்து, எல்லாப் பட்டியலும் நின்றுவிடும் இடத்துக்கு வருகிறோம்: பயன்படுத்திய டயபர் எங்கே போகும்?

இந்தக் கேள்விக்குப் பெங்களூரைவிட நன்றாக விடை தெரிந்த நகரம் குறைவு. நகரத்தின் குப்பையை வருடக்கணக்கில் சுமந்த மண்டூர் கிராமத்தார் போராடி, 2014 முடிவில் லாரிகளை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு கூடை, ஒரு பை முறையைக் கட்டாயமாக்கியது: ஈரக்குப்பைக்குப் பச்சைக் கூடை, டயபர் போன்ற கழிவுக்குச் சிவப்புக் கூடை, உலர்குப்பைக்குப் பை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயபரோடு அதைச் சுற்றி எறிய உறையையும் தர வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கே சொல்லின. அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும்போது அந்த உறை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சிவப்புக் கூடை சரி. தெருவில்? குப்பைத் தொட்டி எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும் அதில் எறிந்த டயபரை யாரோ ஒருவர் வெறுங்கையால் பிரிப்பார். ஆகவே மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, டயபரைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு அடையாளம் போட்டு, இறுக மூடும் உறைக்குள் வைத்து வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிளம்பும்போது பை முட்ட நிறைந்திருந்தால் இதற்கு இடமேது? பைக்குள் ஒரு காலியிடமும் அவசியப் பொருள்தான்.

பை எந்தப் பையாக இருக்க வேண்டும்? பதினெட்டு அறைகளோடு விற்கும் டயபர் பேக் தேவையில்லை. இந்த ஊரில் ஐடி கம்பெனி கொடுத்த லேப்டாப் பேக் ஒன்றாவது சும்மா தொங்காத வீடு அபூர்வம். இரண்டு தோளிலும் எடை பகிரும், பக்கவாட்டில் புட்டிக்கு இடம், லேப்டாப் அறையில் ரப்பர் ஷீட். கை இரண்டும் காலியாக இருப்பது இங்கே ஆடம்பரமல்ல. சர்ச் ஸ்ட்ரீட் போலச் சீரமைத்த சில சாலைகளை விட்டால், நடைபாதையில் குழந்தைத் தள்ளுவண்டி ஓடாது, குழந்தை இடுப்பில்தான். மெட்ரோ வாசலில் பையை ஸ்கேனரில் வைத்து எடுக்க வேறு வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: பையைக் கட்டாதவரால் அதிலிருந்து ஒரு பொருளை உடனே எடுக்க முடிகிறதா? “வைப்ஸ் எங்கம்மா?” என்று கணவர் கேட்டால், அந்தப் பை ஒருவரின் நினைவில் மட்டுமே இயங்குகிறது. கிளம்புமுன் கட்டுவதை அப்பாக்கள் செய்யட்டும். கட்டியவருக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

தீர்ப்புக்கு வரலாம். தாமதம் வரும், தயாராக இரு என்ற பட்டியல் கட்சியின் உள்ளுணர்வு சரி. அது அடைக்கும் பொருள்களில் பாதி தவறு. கடையில் கிடைப்பதை அள்ளுகிறது, கடையில் கிடைக்காததை விடுகிறது. செல்போன் கட்சிக்குப் போய்ச் சேரும் இடத்தில் வெற்றி, வழியில் தோல்வி. பாட்டியின் துணி வெல்கிறது. அந்தப் பை சுருங்கக் காரணமான ஊர் இன்று இல்லை. ஆக, நகரத்துக்குள் அரைநாள் போய்வரும் பையில்: ரப்பர் ஷீட், வேட்டித் துணி இரண்டு, மணிக்கணக்குப்படி டயபர், கொஞ்சம் வைப்ஸ், குழந்தைக்கு ஓர் உடுப்பு, ஸ்வெட்டர், தூக்குபவருக்கு ஒரு சட்டை, செய்தித்தாளும் மூடும் உறையும், வயதுக்கேற்ற தண்ணீரோ பாலோ, மருத்துவர் சீட்டு. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும்.

ஒரு விலக்கு உண்டு. ஓசூரைத் தாண்டிச் சேலத்துக்கோ திருநெல்வேலிக்கோ இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. பத்து நிமிடச் சேவை நெடுஞ்சாலையில் இல்லை. ஓடும் பேருந்தை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. அந்த இரவுக்குப் பட்டியல் கட்சி சொல்வதில் மருந்துகளை மட்டும் கழித்துவிட்டு மற்றதை ஏற்கலாம்.

மீதிப் பொறுப்பு பையில் இல்லை. ஒரு மாலிலோ உணவகத்திலோ நுழையும்போது, குழந்தைக்கு டயபர் மாற்றும் மேசை எங்கே என்று மேலாளரிடம் கேளுங்கள். ஆண்கள் கழிவறையில் உண்டா என்றும் அப்பாக்கள் கேட்கட்டும். இல்லை என்ற பதிலை அவர் ஒரே நாளில் ஐந்து பேரிடம் சொல்ல நேர்ந்தால், ஒரு மேசை வரும். ரப்பர் ஷீட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப அதைவிடக் குறுக்கு வழி எதுவும் தெரியவில்லை.